டாட்டன் 1997: ஒரு போர்முனை நிருபர் சுயேச்சையாக நின்று ஜெயித்த கணக்கு

1997 மே 1. இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் இருக்கும் டாட்டன் தொகுதியில் பத்துப் பேர் களத்தில் நின்றார்கள். சுயேச்சை மார்ட்டின் பெல்லுக்கு 29,354 வாக்கு. கன்சர்வேடிவ் கட்சியின் நீல் ஹாமில்டனுக்கு 18,277. மற்ற எட்டுப் பேருக்கும் சேர்த்தே 1,158தான், எட்டுப் பேருக்கும் டெபாசிட் காலி. பெல்லின் வித்தியாசம் 11,077. ஏப்ரல் பிறந்தபோது அவர் வேட்பாளரே இல்லை. வியட்நாம் முதல் போஸ்னியா வரை போர்களைப் படம்பிடித்துச் சொன்ன பிபிசி நிருபர், வயது 58, எந்தக் கட்சியிலும் உறுப்பினர் அல்ல.

இந்த வெற்றியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய வெள்ளை சூட்டில் தொடங்கி, நேர்மைக்குக் கிடைத்த பரிசு என்று முடித்துவிடுகிறார்கள். சூட்டும் உண்மை, நேர்மையும் உண்மை. ஆனால் 2001-இல் அதே மனிதர் அதே சூட்டோடு வேறொரு தொகுதியில் நின்று தோற்றார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் டாட்டனில் உண்மையில் வேலை செய்தது எது என்று தெரியும்.

எதிரில் நின்றவர்மேல் இருந்த புகார்

1994 அக்டோபர் 20 அன்று கார்டியன் நாளிதழ் ஒரு செய்தி வெளியிட்டது. ஹாரட்ஸ் கடையின் உரிமையாளர் முகமது அல் ஃபயத், இயன் கிரியர் என்ற அரசியல் தரகர் வழியாக இரண்டு எம்.பி.க்களுக்குப் பணம் கொடுத்து நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்க வைத்தார் என்பது குற்றச்சாட்டு. ஒரு கேள்விக்கு 2,000 பவுண்டு என்று பேச்சு. பெயர் வந்தவர்கள் டிம் ஸ்மித், நீல் ஹாமில்டன். இருவரும் அப்போது இளநிலை அமைச்சர்கள். ஸ்மித் உடனே பதவி விலகினார். ஹாமில்டன் மறுத்தார், சில நாளில் அமைச்சர் பதவியை இழந்தார், பத்திரிகைமேல் அவதூறு வழக்குப் போட்டார்.

அந்த வழக்கு ஒரு பழைய சட்டத்தில் முட்டி நின்றது. 1689-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம், நாடாளுமன்றத்துக்குள் நடந்ததை நீதிமன்றம் கிளறக் கூடாது என்கிறது. எம்.பி. என்ன கேள்வி கேட்டார், ஏன் கேட்டார் என்று விசாரிக்காமல் பத்திரிகை தன் தரப்பை எப்படி நிரூபிக்கும்? 1995-இல் நீதிபதி வழக்கை நிறுத்திவைத்தார். உடனே சட்டத்தையே திருத்தினார்கள். 1996-ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, ஓர் எம்.பி. விரும்பினால் தன் அளவில் அந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கலாம் என்றது. கிட்டத்தட்ட ஒரு மனிதரின் வழக்குக்காக முந்நூறு வருட ஏற்பாட்டில் போட்ட ஓட்டை அது. 2015-இல்தான் அடைத்தார்கள். இத்தனை பாடுபட்டுத் திறந்த வழியில் ஹாமில்டன் போகவும் இல்லை. விசாரணை தொடங்குவதற்கு முந்தைய நாள், 1996 செப்டம்பர் 30 அன்று, வழக்கைக் கைவிட்டார். கார்டியன் அவரைப் பொய்யர், ஏமாற்றுக்காரர் என்று முதல் பக்கத்தில் தலைப்புப் போட்டது.

மிச்சம் இருந்தது நாடாளுமன்ற நெறிமுறை ஆணையர் கார்டன் டவுனியின் விசாரணை. அவருடைய அறிக்கை வெளியாகும் முன்னரே, 1997 மார்ச் 21 அன்று கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டது. அவை இல்லாமல் அறிக்கையைத் தாக்கல் செய்ய முடியாது. அதனால் டாட்டன் வாக்காளர்கள் தீர்ப்பு வராத ஒரு வழக்கைக் கையில் வைத்துக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போக வேண்டிய நிலை. பெல்லின் வேட்புமனுவுக்கு இடம் கொடுத்ததே இந்த வெற்றிடம்தான். அறிக்கை மார்ச்சிலேயே வெளிவந்திருந்தால் ஹாமில்டனைக் கட்சியே மாற்றியிருக்கக்கூடும், அல்லது அவர் நிரபராதி என்று சொல்லப்பட்டிருந்தால் எதிர்த்து நிற்க ஒரு காரணமும் இருந்திருக்காது.

இரண்டு கட்சிகள் ஒதுங்கியது

டாட்டன் சாதாரணத் தொகுதி அல்ல. நட்ஸ்ஃபோர்ட், வில்ம்ஸ்லோ, ஆல்டர்லி எட்ஜ் என்று மான்செஸ்டருக்குத் தெற்கே வசதியானவர்கள் வாழும் ஊர்கள். நாட்டிலேயே கன்சர்வேடிவ்களுக்கு மிகப் பத்திரமான தொகுதிகளில் ஒன்று. 1992-இல் ஹாமில்டன் 31,658, தொழிற்கட்சி 15,798, லிபரல் டெமாக்ரட் 9,597. வித்தியாசம் 15,860. அதற்குப் பிறகு தொகுதி எல்லையை மாற்றினார்கள். புதிய எல்லைக்குக் கணக்குப் போட்டால் வித்தியாசம் 22,000-ஐத் தாண்டும்.

இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். 1992-இல் எதிர்க்கட்சிகள் இரண்டின் வாக்கையும் கூட்டினால்கூட 25,395தான் வருகிறது. ஹாமில்டனைவிட ஆறாயிரத்துக்கும் மேல் குறைவு. ஆக இரண்டு கட்சிகளும் ஒரு பொது வேட்பாளரை நிறுத்தினால் மட்டும் போதாது. கன்சர்வேடிவ் வாக்காளர்களே சில ஆயிரம் பேர் கட்சி மாறிக் குத்த வேண்டும். பரம்பரையாக ஒரு கட்சிக்குக் குத்தியவர் எதிர்க்கட்சி வேட்பாளர் பெயருக்கு நேராகக் குறி போடத் தயங்குவார். கட்சி இல்லாத ஒருவர் பெயருக்கு நேராகப் போடுவது அவருக்கு அவ்வளவு உறுத்தாது. சுயேச்சை தேவைப்பட்டது இதற்காக. அதிலும் வீட்டுக்கு வீடு முகம் தெரிந்த சுயேச்சை தேவை. மூன்று வாரத்தில் ஒரு புது முகத்தை அறிமுகப்படுத்த முடியாது. 1992 ஆகஸ்டில் சரயேவோவில் கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே குண்டுச் சிதறல் பட்டு விழுந்த மனிதருக்கு அறிமுகம் தேவைப்படவில்லை.

பெல் பொருத்தமாக இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. போஸ்னியாவிலிருந்து திரும்பிய பிறகு அவர் தன் தொழிலையே கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தார். நல்லதற்கும் கெட்டதற்கும் நடுவே சமதூரத்தில் நிற்பது நிருபரின் கடமை அல்ல என்பது அவர் வாதம். சக நிருபர்கள் பலர் அதை ஏற்கவில்லை. அரசியலுக்கு வந்தபோது அந்த வாதமே அவருக்கு ஒரு முன்னுரை போல ஆனது.

விலகல் எப்படி நடந்தது என்பதில் கவனிக்க ஒரு விஷயம் இருக்கிறது. தொழிற்கட்சியும் லிபரல் டெமாக்ரட்டும் உள்ளூரில் ஏற்கெனவே வேட்பாளர்களைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தன. ஆனால் வேட்புமனுத் தாக்கலுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 16. அதுவரை சட்டப்படி யாரும் வேட்பாளர் இல்லை. அவர்கள் மனு தாக்கல் செய்யாமல் விட்டால் போதும், வேறு எந்தத் தாளும் தேவையில்லை. அந்தத் தேதி தாண்டியிருந்தால் பெயர் வாக்குச்சீட்டில் ஏறிவிடும், பிறகு யாரும் அதை எடுக்க முடியாது. "எங்களுக்குப் போடாதீர்கள்" என்று பிரசாரம் செய்தாலும் சில ஆயிரம் வாக்கு பழக்கத்தில் விழுந்துகொண்டுதான் இருக்கும். பெல்லின் பெயர் ஏப்ரல் முதல் வாரக் கடைசியில் வெளியானதால் கையில் பத்து நாள் இருந்தது. மேலிடத்தில் தொழிற்கட்சி இந்த ஏற்பாட்டுக்கு நிறையவே வேலை செய்தது. விட்டுக்கொடுத்த இரண்டு உள்ளூர் வேட்பாளர்களைப் பற்றி இன்று யாரும் பேசுவதில்லை.

மனுவும் பணமும்

பிரிட்டனில் சுயேச்சையாக நிற்பது காகித அளவில் எளிது. தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் கையெழுத்து வேண்டும்: முன்மொழிபவர், வழிமொழிபவர், ஒப்புக்கொள்ளும் எட்டுப் பேர். டெபாசிட் 500 பவுண்டு, ஐந்து சதவீத வாக்கு வாங்காவிட்டால் போய்விடும். ஒரு தேர்தல் முகவரை நியமிக்க வேண்டும். ஒவ்வொரு வாக்காளருக்கும் ஒரு துண்டறிக்கையை அஞ்சல் துறை இலவசமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அச்சுச் செலவு மட்டும் வேட்பாளருடையது. இந்த இலவச அஞ்சல் சுயேச்சைக்குப் பெரிய வரம். கட்சிக்காரருக்கு வீடு வீடாகப் போக ஆள் இருக்கிறது, இவருக்கு இல்லை.

தொகுதிச் செலவுக்குச் சட்டம் வைத்த வரம்பு அந்தக் காலத்தில் சில ஆயிரம் பவுண்டுதான். அதனால் பணக்காரக் கட்சி தொகுதிக்குள் காசைக் கொட்டிச் சுயேச்சையை மூழ்கடிக்க முடியாது. தேசியத் தொலைக்காட்சியில் தினமும் முகம் வருவதற்கோ எந்த வரம்பும் கிடையாது. பெல்லுக்கு அது இலவசமாகவே கிடைத்தது.

சிக்கல் வந்தது வேறு இடத்தில். எதிராளி வழக்குப் போடத் தயங்காதவர், அவர்மேல் புகார் இன்னும் நிரூபணம் ஆகவில்லை. அப்படியானால் ஒவ்வொரு துண்டறிக்கையையும் ஒவ்வொரு பேட்டியையும் வக்கீல் பார்க்க வேண்டும். லஞ்சம் வாங்கினார் என்று ஒரு சொல் எழுதினால் நீதிமன்றத்தில் நிற்க வேண்டிவரும். கட்சி வேட்பாளருக்குத் தலைமையகத்தில் சட்டப் பிரிவு இருக்கும். சுயேச்சை வெளியே காசு கொடுத்துத்தான் ஆலோசனை வாங்க வேண்டும். பெல்லுக்கு ஆன சட்டச் செலவு 9,400 பவுண்டு அளவு. அதைத் தொழிற்கட்சியும் லிபரல் டெமாக்ரட்டும் ஏற்றன என்பது அவர் எம்.பி. ஆன பிறகு வெளியே வந்தது. எந்தக் கட்சிக்கும் கடன்படாதவர் என்று ஜெயித்தவருக்கு இது நல்ல செய்தி அல்ல. தொகையைத் தானே கட்டுவதாகச் சொன்னார். சுயேச்சையாக நிற்க நினைக்கும் எவரும் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி இது: வக்கீல் பில் யார் பெயருக்கு வருகிறது?

புல்வெளியில் பத்து நிமிடம்

ஏப்ரல் 8. நட்ஸ்ஃபோர்ட் ஊரில் ஹீத் என்கிற திறந்த புல்வெளி. பெல் அங்கே நிருபர்களைச் சந்திக்கிறார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஹாமில்டனும் அவர் மனைவி கிறிஸ்டினும் நேராக வந்து நிற்கிறார்கள். சுற்றிலும் கேமராக்கள்.

கேள்வி நேரடியானது. குற்றம் நிரூபணமாகும் வரை ஒருவர் நிரபராதி என்பதை ஏற்கிறீர்களா? பெல் ஏற்கிறார். அப்படியானால் என் கணவர் நிரபராதி என்று ஏற்றுக்கொள்கிறீர்களா? பெல் திணறுகிறார். நம்பிக்கை பற்றி ஏதோ சொல்லப் பார்க்கிறார், அது எடுபடவில்லை. முப்பது வருடம் அடுத்தவரைக் கேள்வி கேட்டவர், கேள்வி தன் பக்கம் திரும்பியதும் பதில் தயாரில்லாமல் நின்றார். அன்று மாலையே உள்ளூர்க் கன்சர்வேடிவ் சங்கம் ஹாமில்டனைத் தன் வேட்பாளராக உறுதிசெய்தது.

பிழை எங்கே? முதல் கேள்வியை அப்படியே ஏற்றுக்கொண்டதில். தேர்தல் என்பது கிரிமினல் நீதிமன்றம் அல்ல. அதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அதைவிட முக்கியம், நிரூபிக்க வேண்டியதே இல்லாத விஷயங்கள் கையில் இருந்தன. 1987-இல் அல் ஃபயத்துக்குச் சொந்தமான பாரிஸ் ரிட்ஸ் ஓட்டலில் ஹாமில்டன் தம்பதி ஆறு இரவு அவர் செலவில் தங்கியதும், அதை எம்.பி.க்களின் நலன் பதிவேட்டில் எழுதாததும் ஹாமில்டனே மறுக்காதவை. உறை நிறையப் பணம் வாங்கினாரா என்பதுதான் தகராறு. "தகராறில் இருப்பதை விட்டுவிடுவோம், ஒப்புக்கொண்டதைப் பற்றிப் பேசுவோம்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அந்தப் பத்து நிமிடம் வேறு மாதிரி முடிந்திருக்கும். நிருபருக்குக் கையில் இருக்கும் உண்மைகளை அடுக்கத் தெரியும். அதை எந்த வரிசையில் எறிவது என்பது வேறு தொழில்.

ஆனாலும் பெல்லுக்கு அதனால் நஷ்டம் வரவில்லை என்பது எங்கள் கணிப்பு. சண்டைக்கு வந்தவர்கள் எதிர்த்தரப்பார், தடுமாறியவர் அரசியல்வாதி இல்லாதவர் என்பதே திரையில் பதிந்தது. அந்த அனுதாபம் ஒரு முறைதான் செல்லும்.

வாக்குச்சீட்டின் நீளம்

பத்து வேட்பாளர்களில் மூன்று பேர் 'சுயேச்சை கன்சர்வேடிவ்' என்று எழுதிக்கொண்டார்கள். பெண் வேடத்தில் பிரம்மாண்டமான தலையலங்காரத்தோடு நின்றவர் ஒருவர், முடிவு அறிவிப்பு மேடையில் எல்லோரையும்விட உயரமாக இருந்தார். நகைச்சுவைக் கட்சிகள் பிரிட்டனில் வழக்கம்தான். கவனிக்க வேண்டியது பெயர்க் குழப்பம்.

1997-இல் வேட்பாளர் தன் பெயருக்குக் கீழே ஆறு சொல்லுக்குள் எதையும் விவரிப்பாகப் போடலாம். கட்சிப் பெயருக்குப் பதிவே கிடையாது. 1994 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் டெவன் பகுதியில் ஒருவர் 'லிட்டரல் டெமாக்ரட்' என்று எழுதி 10,203 வாக்கு வாங்கினார். லிபரல் டெமாக்ரட் வேட்பாளர் தோற்றது 700 வாக்கில். 1998-இல் கட்சிப் பதிவுச் சட்டம் வந்ததும் இந்த வாசல் அடைபட்டது. ஆனால் கூடவே இன்னொன்றும் போனது. பதிவுசெய்யாத வேட்பாளர் இனிமேல் 'சுயேச்சை' என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஊழலுக்கு எதிராக என்றோ ஆஸ்பத்திரியைக் காப்பாற்ற என்றோ எழுத வேண்டுமானால் கட்சியாகப் பதிவு செய்ய வேண்டும்.

அவைக்குள் ஒற்றை ஆள்

பெல்லைத்தான் 1951-க்குப் பிறகு ஜெயித்த முதல் சுயேச்சை என்று வழக்கமாகச் சொல்வார்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 1970-இல் மெர்தர் டிட்ஃபில்லில் எஸ்.ஓ. டேவிஸும் 1974 பிப்ரவரியில் பிளைத்தில் எடி மில்னும் தொழிற்கட்சி கைவிட்ட பின் சொந்தப் பெயரில் நின்று ஜெயித்தவர்கள். அவர்கள் ஏற்கெனவே அந்தந்த ஊர் எம்.பி.க்கள். எந்தக் கட்சி வழியாகவும் வராமல் நேரே உள்ளே நுழைந்தவர் என்ற அர்த்தத்தில்தான் பெல் தனி.

659 பேர் அவையில் தொழிற்கட்சிக்கு 418 இடம். ஒரு சுயேச்சையின் வாக்கால் எதுவும் கவிழாது, எதுவும் நிற்காது. கட்சிக் கொறடா இல்லை என்றால் சுதந்திரம் என்று தோன்றும். நடைமுறையில் என்ன மசோதா, எப்போது வாக்கெடுப்பு, எந்தத் திருத்தம் முக்கியம் என்று சொல்ல ஆள் இல்லை என்று அர்த்தம். ஒவ்வொன்றையும் தானே படித்துத் தானே முடிவெடுக்க வேண்டும்.

மிஞ்சுவது கேள்வி. 1997 நவம்பரில் கார் பந்தய முதலாளி பெர்னி எக்கிள்ஸ்டன் தொழிற்கட்சிக்குப் பத்து லட்சம் பவுண்டு கொடுத்திருந்தது வெளியானது. அதே நேரத்தில் புகையிலை விளம்பரத் தடையிலிருந்து கார் பந்தயத்துக்கு விலக்கு. பிரதமர் கேள்வி நேரத்தில் பெல் எழுந்து, ஒரு டிராகனைக் கொன்றுவிட்டு வாயில் சிவப்பு ரோஜா கவ்விய இன்னொன்றை அழைத்துவந்துவிட்டோமா என்று டோனி பிளேரைக் கேட்டார். சிவப்பு ரோஜா தொழிற்கட்சியின் சின்னம். தனக்காக ஒதுங்கி வழிவிட்ட கட்சியின் தலைவரிடம் ஆறே மாதத்தில் கேட்ட கேள்வி. சுயேச்சை என்ற சொல் அன்றைக்குத்தான் நிரூபணமானது.

நெறிமுறைக் குழுவிலும் அவர் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பிடித்துவைத்திருந்த முன்னாள் போர்க்கைதிகளுக்கு இழப்பீடு கேட்டுத் தொடர்ந்து குரல் கொடுத்தவர்களில் ஒருவர். 2000 நவம்பரில் அரசு ஆளுக்கு 10,000 பவுண்டு அறிவித்தது.

ஹாமில்டன் விவகாரம் 1997 ஜூலையில் ஒரு கட்டத்துக்கு வந்தது. ஹாமில்டன் அல் ஃபயத்திடம் பணம் வாங்கியதற்கு வலுவான சான்று இருப்பதாக டவுனி அறிக்கை சொன்னது. ஹாமில்டன் தொடர்ந்து மறுத்தார், அல் ஃபயத்மேல் அவதூறு வழக்குப் போட்டார், 1999 டிசம்பரில் தோற்றார், 2001-இல் திவாலானார்.

பிரெண்ட்வுட்டில் இல்லாமல் போனது

ஒரே ஒரு பதவிக்காலம் என்று பெல் 1997-லேயே வாக்குக் கொடுத்திருந்தார். பிறகு அதற்காக வருந்தியதாகத் தெரிந்தாலும் மீறவில்லை. டாட்டனில் நிற்கவில்லை. 2001-இல் கன்சர்வேடிவ் வேட்பாளர் ஜார்ஜ் ஆஸ்பர்ன் 8,611 வித்தியாசத்தில் அந்த இடத்தைத் திரும்ப எடுத்தார்.

பெல் போனது எஸ்ஸெக்ஸில் உள்ள பிரெண்ட்வுட் அண்ட் ஒங்கார் தொகுதிக்கு. அங்கே ஒரு பெந்தெகொஸ்தே சபையின் உறுப்பினர்கள் உள்ளூர்க் கன்சர்வேடிவ் சங்கத்தில் கூட்டமாகச் சேர்ந்து அதைக் கைப்பற்றப் பார்க்கிறார்கள் என்று கட்சிக்காரர்கள் சிலரே புகார் சொன்னார்கள். சபை அதை மறுத்தது. எம்.பி. எரிக் பிக்கிள்ஸ்மேல் தனிப்பட்ட ஊழல் புகார் எதுவும் இல்லை.

முடிவு: பிக்கிள்ஸ் 16,558, பெல் 13,737. வித்தியாசம் 2,821. லிபரல் டெமாக்ரட் 6,772, தொழிற்கட்சி 5,505. இந்த முறை இரண்டு கட்சிகளும் விலகவில்லை. அவற்றின் வாக்கைக் கூட்டினால் 12,277, அதாவது பெல் தோற்ற வித்தியாசத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல். அதில் கால் பங்கு வந்திருந்தாலும் போதும். டாட்டனில் பெயர் தெரியாத இரண்டு பேர் மனு போடாமல் விட்டதன் மதிப்பு என்ன என்று இந்த எண்ணைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

வேறொரு குறையும் இருந்தது. டாட்டனில் பிரச்சினையை ஒரே வரியில் சொல்லலாம்: கேள்விக்குப் பணம். பிரெண்ட்வுட்டில் ஒரு கட்சியின் உள் சங்க உறுப்பினர் சேர்க்கையைப் பற்றி வாசலில் நின்று ஐந்து நிமிடம் விளக்க வேண்டும், அதைக் கேட்பவர் அந்தக் கட்சி உறுப்பினராகவே இருக்கமாட்டார். அப்படி இருந்தும் 13,737 வாங்கியது சின்ன விஷயம் இல்லை.

2004-இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு கிழக்கு இங்கிலாந்தில் நின்றார். ஏழு இடம், விகிதாசார முறை. அங்கே யாரும் யாருக்காகவும் ஒதுங்க முடியாது, ஒதுங்கினாலும் பயனில்லை. சுமார் ஆறு சதவீதம் வாங்கினார். இடம் கிடைக்கவில்லை.

பெல் தோற்ற அதே 2001 இரவில் வயர் ஃபாரஸ்ட் தொகுதியில் ஒரு சுயேச்சை 17,630 வித்தியாசத்தில் ஜெயித்தார். ஓய்வுபெற்ற மருத்துவர் ரிச்சர்ட் டெய்லர். பிரச்சினை கிடர்மின்ஸ்டர் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவை மூடியது, ஒரே வரிதான். லிபரல் டெமாக்ரட் அங்கே வேட்பாளரை நிறுத்தவில்லை. 2005-இலும் நிறுத்தவில்லை, டெய்லர் மறுபடி ஜெயித்தார். 2010-இல் நிறுத்தினார்கள். அவர்களுக்கு 6,040 வாக்கு. டெய்லர் தோற்றது 2,643-இல்.